ஓவன் இல்லாமல் மண்சட்டியில் முழுக்கோழி: ஏன் வெளுக்கிறது, எப்படிச் சிவக்க வைப்பது

ஓவன் கிடையாது, கேஸ் அடுப்பும் வாய் அகன்ற ஒரு மண்சட்டியும்தான் இருக்கின்றன, முழுக்கோழியைத் துண்டு போடாமல் அதிலேயே சுட்டெடுக்க முடியுமா, தண்ணீர் ஊற்ற வேண்டுமா, எத்தனை நிமிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கூடவே நீங்கள் எழுதியிருப்பதில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. முதல் சட்டி அடியில் விரிசல் விட்டது. இரண்டாவது சட்டியில் கோழி வெந்தது, ஆனால் இட்லிப் பானையிலிருந்து எடுத்தது மாதிரி வெளுத்துப் போயிருந்தது. தொடை எலும்புப் பக்கம் சிவப்பு தெரிந்ததால் குழந்தைகளுக்குக் கொடுக்கப் பயந்து, பிய்த்துக் குழம்பில் போட்டுவிட்டீர்கள். ஆக நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது மூன்று: ஏன் சிவக்கவில்லை, அது வெந்திருந்ததா இல்லையா, அடுத்த சட்டியாவது தப்பிக்குமா. எத்தனை நிமிடம் என்பது இவற்றுக்குப் பிறகு வருகிற சின்ன விஷயம்.

கேட்டரிங் படித்துவிட்டு ஹோட்டல் கிச்சனில் பல வருஷம் நின்றவன் நான். வீட்டில் சமைப்பது பெரும்பாலும் மண்சட்டியில். இரண்டு பழக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன். முழுக்கோழியில் செய்யவேண்டிய வேலை ஒன்றல்ல, இரண்டு. எலும்பு வரை வேக வைப்பது ஒன்று, தோலைச் சிவக்க வைப்பது இன்னொன்று. மூடிய மண்சட்டி முதல் வேலையை ரொம்ப நன்றாகச் செய்யும். இரண்டாவதை அது செய்யவே செய்யாது. அதனால் உங்கள் கோழி வெளுத்ததற்கு மசாலாவோ கைப்பக்குவமோ காரணமில்லை.

கறி சிவந்து மணக்க வேண்டுமென்றால் அதன் மேற்பரப்பு சுமார் 140 டிகிரி செல்சியஸையாவது தாண்ட வேண்டும். ஈரமாக இருக்கும் எந்தப் பரப்பும் 100 டிகிரிக்கு மேல் போகாது, ஏனென்றால் வருகிற சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். முழுக்கோழி வேகும்போது அதன் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு வரை நீராக வெளியேறும். மூடி போட்ட சட்டிக்குள் அந்த நீர் ஆவியாகி, மூடியில் பட்டு, மறுபடி கோழி மேலேயே சொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எப்போதும் மழைக்காலம்தான். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தோல் சிவக்காது, அடிதான் தீயும். தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. வேண்டாம். கோழியே ஒரு டம்ளருக்குக் குறையாமல் தரும்.

அப்படியானால் மண்ணில் சுட்ட கோழி என்று ஊரெல்லாம் சொல்வது எப்படி என்று கேட்பீர்கள். அங்கே நெருப்பு இருக்கும் இடம் வேறு. தந்தூர் அடுப்பு மண்தான், ஆனால் கரி அதற்குள்ளேயே எரிகிறது, வாய் திறந்திருக்கிறது, சுவரே தகதகவென்று சூட்டை வீசுகிறது. தாய்லாந்தில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெரிய மண்ஜாடியின் அடியில் கரியைப் போட்டு, கோழியைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சுடுவார்கள். அங்கேயும் கங்கு ஜாடிக்கு உள்ளேதான். ஜெர்மனியில் 1967 முதல் விற்கும் ரோமர்டாஃப் என்ற மண்பாத்திரம் முழுக்கோழிக்குப் பேர் போனது. அதை மூடியோடு தண்ணீரில் ஊறவைத்து, சூடேற்றாத ஓவனுக்குள் வைத்து, பிறகு சூட்டை ஏற்றுவார்கள். நாலா பக்கமும் சூடு, அப்படியும் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் மூடியைக் கழற்றித்தான் தோலைச் சிவக்க வைப்பார்கள். உங்கள் அடுப்பில் நெருப்பு அடியில் மட்டும் இருக்கிறது. யூடியூபில் வைக்கோலைக் கொளுத்திக் கோழி சுடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு மண்சட்டியைக் கவிழ்த்து முயற்சி செய்யாதீர்கள். அங்கே கவிழ்த்திருப்பது தகர டின்னாக இருந்தால்தான் வேலை நடக்கும். வைக்கோல் நெருப்பு நிமிடங்களில் அடங்கிவிடும், மண் அதற்குள் சூடேறவே ஏறாது.

சரி, சட்டி. சுட்ட மண் வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அடியில் தீ படுகிற வட்டம் மட்டும் சூடாகி விரியும், பக்கச் சுவர் சில்லென்று அப்படியே நிற்கும். இந்த இழுபறியில்தான் சட்டி விரிசல் விடுகிறது. பழக்காத புதுச் சட்டியை எடுத்த எடுப்பில் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். நன்றாக ஊறிய சட்டியை ஈரத்தோடு நேரடித் தீயில் வைப்பதும் அதே அளவு ஆபத்து, ஏனென்றால் நுண்துளைகளில் இருக்கும் நீர் திடீரென்று ஆவியாகி மண்ணை நெட்டும். நிறையப் பேர் கவனிக்காத இன்னொன்று, பல சட்டிகள் அடுப்பில் உடைவதில்லை, இறக்கும்போது உடைகின்றன. கொதிக்கிற சட்டியை ஈரமான கிரானைட் மேடையில் வைக்காதீர்கள். பிரிமணை இல்லையென்றால் மடித்த காய்ந்த துணி போதும்.

வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாகக் கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. கோழிக்கு வாய் குறுகிய பானை உதவாது. பத்து, பதினோரு அங்குல வாயும் ஆறு அங்குல ஆழமும் உள்ள கறிச் சட்டி வேண்டும். கோழியை உள்ளே வைத்தால் சுற்றிலும் ஒரு விரல் இடம் மிஞ்ச வேண்டும், சுவரில் தோல் ஒட்டினால் அங்கே பிய்ந்துவிடும். தட்டை மூடி கோழியின் நெஞ்சில் இடிக்கும். அதனால் வாய்க்குப் பொருந்துகிற இன்னொரு சின்னச் சட்டியைக் கவிழ்த்து மூடுவது என் வழக்கம். பளபளவென்று வண்ண மெருகு பூசிய அலங்காரச் சட்டிகளைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மெருகில் ஈயம் கலந்திருந்தால் அது உணவில் இறங்கும், புளி, தயிர், எலுமிச்சை பட்டால் இன்னும் அதிகமாக இறங்கும். மெருகு இல்லாத வெறும் சட்டிதான் இதற்குச் சரி.

பழக்குவதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரையோ வடித்த கஞ்சியையோ முக்கால் சட்டி ஊற்றி, சிம்மில் மெதுவாகக் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் கஞ்சியின் மாவுச்சத்து துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும், கசிவு நிற்கும். அப்புறம் உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி ஒருநாள் வையுங்கள். முதல் சமையலாகக் கோழியை வைக்காதீர்கள். நாலு முறை குழம்போ கூட்டோ வைத்துப் பழகிய சட்டிதான் ஒரு மணி நேரச் சூட்டைத் தாங்கும்.

கோழிக்கு வருவோம். பிராய்லர் என்றால் சுத்தம் செய்த பிறகு 1 கிலோவிலிருந்து 1.2 கிலோ வரை இருக்கட்டும். தோலோடு அந்த எடை வர உயிர்க்கோழி 1.5 முதல் 1.7 கிலோ இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சட்டியிலும் அடங்காது, நெஞ்சு வேகிற நேரத்தில் தொடை வேகாது. கடைக்காரர் பழக்கத்தில் தோலை உரித்துவிடுவார், முன்கூட்டியே சொல்லித் தோலோடு வாங்குங்கள். உரித்த கோழியைச் சட்டியில் வேக வைக்கலாம், ஆனால் சிவக்க வைக்கும்போது கறியே நார்நாராகக் காய்ந்துவிடும். நாட்டுக்கோழி ஆசை இருந்தால் இன்னும் முட்டையிடாத விடைக்கோழியாகக் கேட்டு வாங்குங்கள், மஞ்சள் தடவித் தீயில் வாட்டித் தோலோடு தருவார்கள். முற்றிய நாட்டுக்கோழி இந்த முறைக்கு ஆகாது. அதன் தசைநார் மசிய இரண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் நெஞ்சுக் கறி சக்கையாகிவிடும். அதைக் குழம்பு வைப்பதுதான் அதற்கு மரியாதை.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்றுதான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உணவுப் பாதுகாப்புத் துறைகள் சொல்கின்றன. காரணம் நியாயமானது: குழாயடியில் தெறிக்கிற நீரில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் சிங்க், மேடை, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி எல்லாவற்றிலும் பரவும். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுவதால் அந்தக் கிருமிகள் சாகாது, சூடுதான் கொல்லும். ஆனால் நம் கடைகளில் ரத்தமும் இறகு முனையுமாகத் தருகிற கோழியைக் கழுவாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. எனவே கழுவுவதாக இருந்தால் ஒரு பாத்திரத்து நீரில் அமுக்கிக் கழுவுங்கள், குழாயைத் திறந்துவிட்டு வேண்டாம். முடிந்ததும் சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிறகு கோழியைத் துணியாலோ டிஷ்யூவாலோ உள்ளும் புறமும் ஒற்றி உலர்த்துங்கள், இதைத் தவறவிட வேண்டாம்.

ருசிக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது உப்பை முந்தின இரவே போடுவது. கிலோவுக்கு 12 முதல் 15 கிராம், தூள் உப்பானால் இரண்டு, இரண்டரை டீஸ்பூன். வெளியே, உள்கூட்டில், தொடை இடுக்கில் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு இரவு வையுங்கள். முதலில் நீர்விடும், பிறகு அந்த உப்புநீரைக் கறியே இழுத்துக்கொள்ளும், வேகும்போது சாறு குறைவாக வெளியேறும், தோலும் காய்ந்திருக்கும். மசாலாவுக்கு அந்தச் சக்தி இல்லை. இரவெல்லாம் ஊறவைத்தாலும் அது சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. தொடையிலும் காலிலும் எலும்பு வரை இரண்டிரண்டு கீறல் போட்டு, நெஞ்சுப் பக்கத் தோலை விரலால் தூக்கி, அதற்கடியில் மசாலாவைத் திணிப்பது ஒன்றே வழி. இடித்த மிளகு, சோம்பு, பூண்டு, மஞ்சள், கொஞ்சம் நல்லெண்ணெய் போதும் என்பது என் ருசி. மிளகாய்த்தூளையும் தயிரையும் தோல் மேல் அப்பாதீர்கள், கடைசியில் சிவக்க வைக்கும்போது இவைதான் முதலில் கருகும். வயிற்றுக்குள் முட்டை, சாதம் எதையும் முதல் தடவை அடைக்க வேண்டாம். உள்ளே எதை வைத்தாலும் அதுவும் நடுவரை சூடேற வேண்டும், அதுவரை நெஞ்சுக் கறி காத்திருக்காது. அரை எலுமிச்சம்பழமும் ஒரு கொத்து மல்லித்தண்டும் போடலாம். காலிரண்டையும் வெள்ளை நூலால் கட்டுங்கள்.

சமைக்கும் நாளில் கோழியை அரை மணி முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள். சூடான சட்டியில் குளிர்ந்த கோழியை வைப்பது சட்டிக்குக் கேடு. சட்டியும் கோழியும் சேர்ந்தே சூடேறட்டும். பர்னர் மேல் இரும்புத் தோசைக்கல், அதன் மேல் சட்டி. தோசைக்கல் தீயை நேராகப் படவிடாமல் பரப்பிக் கொடுக்கும், கேஸ் அடுப்பில் இது இல்லாமல் முழுக்கோழியைத் தொடவே வேண்டாம் என்பேன். சட்டியின் அடியில் இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டு, பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தை நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்குங்கள். கோழி அதன் மேல் உட்கார்ந்தால் அடியில் படாது, வெங்காயம் முதல் பத்து நிமிடத்துக்கு வேண்டிய ஈரத்தையும் கொடுக்கும். முதுகு கீழே, நெஞ்சு மேலே பார்க்க வையுங்கள். இங்கே அடுப்பு உங்களுக்கு ஒரு நல்லது செய்கிறது. நெஞ்சுக் கறி 70 டிகிரியைத் தாண்டிப் போகப் போக வறண்டுகொண்டே வரும், தொடைக்கோ 80க்கு மேல் போனால்தான் எலும்பை விட்டுக் கழன்று வரும். ஓவனில் இரண்டுக்கும் ஒரே சூடு, அதுதான் அங்கே தலைவலி. அடுப்பில் சூடு கீழிருந்து வருவதால் தொடைக்கு அதிகம், நெஞ்சுக்கு ஆவி மட்டும். நீங்கள் ஓவன் இல்லை என்று குறைப்படுகிற இடத்தில்தான் சட்டி ஜெயிக்கிறது.

முதல் பதினைந்து நிமிடம் சிம், பிறகு சிம்முக்கும் மீடியத்துக்கும் நடுவில். மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். விளிம்பில் சப்பாத்தி மாவை ஒட்டி அடைத்தால் ஆவி போகாது, ஆனால் வெந்ததா என்று பார்க்கத் திறக்க வேண்டும் என்பதால் நான் ஈரத்துணியைச் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்வேன். துணி முனை தீயில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1.2 கிலோ கோழிக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றேகால் மணி ஆகும். இது உத்தேசம்தான். உங்கள் சட்டியின் கனம், பர்னரின் அளவு, கோழி எவ்வளவு குளிர்ச்சியோடு உள்ளே போனது என்பதைப் பொறுத்து இருபது நிமிடம்கூட முன்பின் ஆகலாம், அதைத் தொலைவிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெந்ததற்கான அளவு உத்தேசமல்ல.

அந்த அளவு 74 டிகிரி செல்சியஸ். தொடையின் உட்புறம், எலும்பைத் தொடாமல், ஆழமான இடத்தில் தெர்மாமீட்டரின் முனையைச் செருகிப் பாருங்கள். அடுத்து நெஞ்சின் தடித்த பகுதி, சிறகு இடுக்கு. எல்லா இடத்திலும் 74ஐத் தொட்டிருந்தால் சாப்பிடலாம், தொடை மட்டும் 80க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. சமையலுக்கான முள் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முழுக்கோழி அடிக்கடி செய்வதாக இருந்தால் மசாலாவை விட அதுதான் முதலில் வாங்க வேண்டியது. ஏனென்றால் நீங்கள் பயந்த அந்தச் சிவப்பு ஒன்றையுமே நிரூபிக்காது. பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்தில் வெட்டப்படுகிறது. அந்த வயதில் எலும்பு இறுகியிருக்காது, மஜ்ஜையின் நிறமி கசிந்து எலும்பைச் சுற்றிய கறியில் ஏறும். முழுதாக வெந்த கோழியிலும் அந்த இடம் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ நிற்கும். மறுபுறம், வெள்ளையாகத் தெரிகிற கறி 74ஐத் தொடாமலும் இருக்கலாம். கத்தியால் குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும் என்று ஹோட்டலிலும் சொல்லிக்கொடுப்பார்கள், அது ஒரு ஊகம், அவ்வளவுதான். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: கால் எலும்பைப் பிடித்துத் திருகினால் மூட்டு தளர்ந்து சுழல வேண்டும், கீறலில் சதை எலும்பிலிருந்து விலகியிருக்க வேண்டும், அதற்குப் பிறகும் பத்து நிமிடம் மூடி வைத்திருங்கள். உங்கள் கோழி அன்று வெந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அளக்காத நிலையில் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தது சரியான முடிவுதான்.

இனி சிவக்க வைப்பது. அடுப்பை அணைத்து, கோழியைச் சட்டியிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு எடுங்கள். கால்களைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். வயிற்றுக்குள் ஒரு மரக்கரண்டியை விட்டு, அடியில் இன்னொரு கரண்டியைக் கொடுத்துத் தூக்குங்கள். செங்குத்தாகப் பிடித்து உள்ளே தேங்கிய சாற்றைச் சட்டியிலேயே வடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எண்ணெயில் வைத்தால் கொட்டுகிற சாறு வெடித்து முகத்தில் தெறிக்கும். தட்டில் வைத்து, நன்றாக ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம். தோல் தொட்டால் ஒட்டாமல் காகிதம் மாதிரி ஆன பிறகு, கனமான இரும்புக் கடாயில் நாலு ஸ்பூன் எண்ணெயும் ஒரு ஸ்பூன் நெய்யும் காயவைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம், பிறகு இரண்டு தொடை, கடைசியில் முதுகு என்று பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். எண்ணெய் படாத மேடுபள்ளங்களுக்குச் சூடான எண்ணெயைக் கரண்டியால் மோந்து மோந்து ஊற்றுங்கள். ஹோட்டலில் ஐந்து நிமிடத்தில் நிறம் கொடுப்பது இப்படித்தான். கோழியைப் பதினைந்து தடவை புரட்டினால் தோல் கிழியும், ஒரு பக்கத்துக்கு ஒரு முறை போதும்.

முதலிலேயே வறுத்துவிட்டுப் பிறகு சட்டியில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், அடிச்சாறு நல்ல நிறமாக, மணமாக வரும். ஆனால் ஒரு மணி நேர ஆவியில் அந்த மொறுமொறுப்பு ரப்பராகிவிடும். மொறுமொறுப்பு முக்கியமில்லை, சாறுதான் வேண்டும் என்றால் அப்படிச் செய்யுங்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: சட்டியில் மிஞ்சிய சாற்றையும் குழைந்த வெங்காயத்தையும் கடாயில் ஊற்றிச் சுண்டவிட்டு, பளபளவென்று கெட்டியானதும் சிவந்த கோழி மேல் பூசுவது. மிளகாய்த்தூள் சேர்க்க ஆசைப்பட்டால் இந்தச் சாற்றில் சேருங்கள், கருகாது.

மொட்டை மாடியோ கொல்லையோ இருந்தால் கடாய் இல்லாமலும் சிவக்க வைக்கலாம். ஆம்பூரில் பிரியாணிக்குத் தம் போடும்போது மூடி மேல் கங்கை அள்ளிக் கொட்டுவார்களே, அதே உபாயம். கோழி வெந்ததும் சாற்றை வடித்துவிட்டு, மண்மூடிக்குப் பதில் இரும்புத் தகட்டால் மூடி, அதன் மேல் தகதகக்கும் கங்கைப் பரப்பி, ஆவி போக ஒரு விரல் இடைவெளி விட்டு, இருபது நிமிடம். மேலிருந்து வருகிற வறண்ட சூடு தோலைப் பிடிக்கும். நிறம் திட்டுத்திட்டாகத்தான் வரும், ஆனால் புகை மணம் கடாயில் கிடைக்காது. இதை வீட்டுக்குள், ஜன்னல் திறந்த சமையலறையில்கூடச் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

பின்னால் ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்கும் எண்ணமிருந்தால், முதலில் சட்டியின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். லிட்டர் கணக்கை நம்பி வாங்கினால் சூடேற்றுகிற மேல் கம்பியில் சட்டி இடிக்கும். ஓடிஜியில் சட்டியையும் மூடியையும் கால் மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு வைக்கலாம், நேரடித் தீ இல்லாததால் பயமில்லை. ஆனால் ஓவன் சூடேறாத நிலையில் வைத்து, அதற்குப் பிறகே 200, 220க்கு ஏற்ற வேண்டும். கடைசியில் மூடியைக் கழற்றினால் மேல் கம்பியே தோலைச் சிவக்க வைத்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் வெறும் மண்சட்டி சூடே ஆகாது, அது இரும்புத்தன்மை உள்ள பாத்திரத்தில்தான் வேலை செய்யும்.

மண்சட்டியில் செய்தால் தனி ருசி, மண்ணின் தாதுக்கள் கறியில் இறங்கும், சத்து அழியாது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதால் கறி பதமாக வேகிறது என்பது உறுதி. அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு நிற்கும் என்பதும் கண்ணால் பார்க்கிற விஷயம். நனைந்த சுட்ட மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு என்பதும் உண்மை, உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அதையே வடித்து அத்தராக விற்கிறார்கள். ஆனால் அந்த வாசனை பூண்டையும் மிளகையும் சோம்பையும் மீறிக் கோழியில் தெரிகிறதா என்பது சந்தேகம்தான். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால், கனமான இரும்புச் சட்டியில் மூடி வேகவைத்ததற்கும் இதற்கும் பெரும்பாலோர் வித்தியாசம் சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பழகிய சட்டியின் துளைகளில் ஏறியிருக்கும் பழைய எண்ணெயும் மசாலாவும் கொஞ்சம் பேசும், அது வேறு. தாதுக்கள் இறங்கி உடம்புக்கு நல்லது செய்கின்றன என்பதை நம்பிச் சட்டி வாங்காதீர்கள்.

மிஞ்சியதைச் சட்டியிலேயே மூடி மறுநாள் வரை வைக்கிற பழக்கம் மீன்குழம்புக்கானது. அங்கே புளிப்பு காவல் இருக்கிறது, இங்கே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் கறியைப் பிய்த்து வேறு பாத்திரத்தில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மீன் வைக்கிற சட்டியில் கோழியை வைக்காதீர்கள், ஒரு தடவை ஏறிய மீன்வாடை போகாது. சட்டி முழுவதும் ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு துளைகளில் தங்கி அடுத்த சமையலில் நுரைக்கும், அதனால் வெந்நீர், கல்லுப்பு, தேங்காய் நார். கொழுப்புப் பிசுக்கு விடவில்லையென்றால் கடலை மாவைத் தூவித் தேய்த்து, ஒரு கொதி தண்ணீர் காயவைத்துக் கொட்டுங்கள். கவிழ்த்து மூடி வைக்காமல் வெயிலில் ஒருநாள் காயவிட்டு எடுத்து வையுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்த சட்டியில்தான் பூஞ்சை பிடிக்கும். அப்படிப் பிடித்திருந்தால் மறுபடி கஞ்சி காய்ச்சி, நன்றாகக் கொதிக்கவிட்டுக் கொட்டினால் மீட்டுவிடலாம். எண்ணெய் காறிப்போன நாற்றம் அடித்தால் மட்டும் அந்தச் சட்டியைச் செடி வைக்கக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.